ஈயம் ஒட்டாத ஞாயிறு

உடையார்பாளையம் பக்கத்தில் முந்திரி உடைக்கிற பெண்களில், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவள் வேணி ஒருத்திதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு சமுதாயப் பட்டறைக்குப் போனாள். யார் வேண்டுமானாலும் அங்கே போய் மேசையில் உட்கார்ந்து எதையாவது செய்யலாம், பழுது பார்க்கலாம். பட்டறையை நடத்துகிற ஜெயப்பிரகாஷ் மிக்ஸியைக் கையில் வாங்கவில்லை. "நீங்களே கழட்டுங்கக்கா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான். எட்டாவதோடு நின்றவளிடம் அதுவரை யாரும் அப்படி எதையும் நீட்டியதில்லை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் போனாள்.

இந்த ஐப்பசியில் அவளே ஒரு பயிற்சி நடத்துவதாக முடிவானது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம். பட்டறையிலேயே தயாரித்த ஒரு சின்ன சர்க்யூட் பலகை, டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், பஸ்ஸர், பேட்டரி என்று ஆளுக்கொரு பொட்டலம். கொட்டகையில் தன்னோடு முந்திரி உடைக்கும் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருத்தியாகக் கெஞ்சிக் கூப்பிட்டாள்.

"ஒரு நாள் கூலி போவுமேடி" என்றாள் ராசாத்தி. கொட்டகையில் அவள் வாய்க்கு எல்லோருக்கும் பயம்.

"சாயங்காலம் சத்தம் போடுற பொட்டியோடதான் வூட்டுக்குப் போவீங்க. நான் பொறுப்புக்கா."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வார்த்தை பொய்த்தால் திங்கட்கிழமை கொட்டகையில் எந்த முகத்தோடு உட்காருவது என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை.

பன்னிரண்டு பேரும் வந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் ராசாத்தி கூடையிலிருந்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே வந்தாள். முந்திரி ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் எண்ணெய் தடவாமல் யாரும் வேலையில் கை வைப்பதில்லை. வேணியும், அயர்னை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொண்டே, தன் கையையும் நீட்டித் தடவிக்கொண்டாள்.

ஈயம் உருகியது. ஆனால் பலகையில் பிடிக்காமல் மணி மணியாக உருண்டு கீழே விழுந்தது. ஒருத்திக்கு இல்லை, எல்லோருக்கும். அயர்ன் சூடு போதவில்லையோ என்று வேணி மாற்றிப் பார்த்தாள். ஈயச் சுருளை மாற்றினாள். பலகைதான் சரியில்லையோ என்று ஜெயப்பிரகாஷ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

"இந்நேரம் அஞ்சு கிலோ உடைச்சிருப்பேன்" என்றாள் அம்சவள்ளி. யாரோ சிரித்தார்கள்.

வேணி தன் பலகையைத் திருப்பினாள். ஈயம் பிடிக்க வேண்டிய செம்புப் பொட்டுகளின் மேல் அவளுடைய பெருவிரல் ரேகை பளபளவென்று பதிந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் ஈயம் ஒட்டாது என்று ஜெயப்பிரகாஷ் அவளுக்குச் சொல்லித்தந்தது முதல் வாரத்திலேயே.

எழுந்து நின்றாள். "தப்பு என்னோடதுக்கா. எண்ணெய்க் கையால எதையும் தொடக் கூடாது. தெரிஞ்ச நானே தடவிக்கிட்டேன். போறவங்க போலாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."



"பாட்டிலைக் கொண்டாந்தவ நானு, பழி மட்டும் உனக்கா?" என்றாள் ராசாத்தி. "சோப்பு எங்க இருக்கு, அதச் சொல்லு மொதல்ல."

பன்னிரண்டு பேரும் வேணியும் குழாயடியில் வரிசையாக நின்று முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள். ஜெயப்பிரகாஷ் பக்கத்தில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் பிசுக்கைக் கரைக்கிற தின்னர் வாங்கிவந்தான். ஜன்னல்களைத் திறந்து வைத்து, அயர்ன்களை அணைத்துவிட்டுப் பலகைகளையும் உதிரிகளின் கால்களையும் துடைத்துக் காயவைத்தார்கள். அதன்பிறகு ஈயம் சமர்த்தாகப் பிடித்தது. சோற்றுப் பொட்டலத்தைக்கூட இரண்டு இரண்டு பேராகத்தான் எழுந்துபோய்ப் பிரித்தார்கள்.

நாலரைக்கு ஒன்பது அலாரம் கத்தின. டம்ளர் தண்ணீரில் கம்பிகளை முக்குவதும் எடுப்பதுமாக, குழந்தைகள் மாதிரி திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மூன்று மட்டும் ஊமையாக இருந்தன. வெளியே நாலே முக்கால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான்.

"கெளம்புங்கக்கா, மீதிய நான் முடிச்சுத் தரேன்" என்றாள் வேணி.

"வந்தது ஒண்ணா, போறது மட்டும் தனியாவா? நீ வேலையப் பாரு" என்று ராசாத்தி அதட்டினாள். வேலை முடிந்த ஒன்பது பேரில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. பஸ் போயிற்று.

இரண்டில் பேட்டரி ஒயர் மாறியிருந்தது. அம்சவள்ளியுடையதில் டிரான்சிஸ்டரே திரும்பியிருந்தது. கழற்றித் திருப்பி வைத்ததும் அதுவும் கீச்சென்று கத்தியது.

"அப்பாடா. எங்க வூட்டுக்காரரு குரலு மாதிரியே இருக்கு" என்றாள் அம்சவள்ளி.

வேணியின் வீடு பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் அவர்களோடு நிறுத்தத்துக்கு நடந்தாள். ஆறு மணி பஸ் ஆறேகாலுக்கு வந்தது. பன்னிரண்டு பேரும் ஏறி உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தாள்.