ஆபீஸ் நேரத்தில் கதவைத் தட்டாதவள்

லோன் ஃபோர்க் பள்ளத்தாக்கின் வெர்லீன் ஸ்டிடமைப்போல் சந்தேகப்படத் தெரிந்தவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் முழுவதிலும் கிடையாது. காலையில் மலைக்கு மேலே சூரியன் தலைநீட்டினால், "உன்னை யாரு அனுப்பினது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசற்கதவைத் திறப்பாள். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். சூரியனைக் கேட்டதில்லை. தபால்காரரைக் கேட்டிருக்கிறாள். பாதிரியாரையும் கேட்டிருக்கிறாள்.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவளுடைய பாட்டனாரிடம் தேனொழுகப் பேசிய ஒரு கனவான், "மேல இருக்கற நிலம் என்னைக்கும் உங்களுக்கே" என்று சொல்லி, அடியில் கிடந்த நிலக்கரி அத்தனையையும் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஸ்டிடம் வீட்டில் ஒரே வேதம்தான்: உதவ வருகிறவனின் சிரிப்பைப் பார்க்காதே, பையைப் பார்.

அப்படிப்பட்டவள் நாற்பத்திரண்டு வயதில் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள். முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. சுரங்கங்கள் மூடிவிட்டாலும் சுரங்கம் கொடுத்த இருமல் ஓயவில்லை. ஆகவே மூச்சு சிகிச்சை படித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எப்போதும் வேலை உண்டு; கூலியும் இரண்டு மடங்கு. ஆனால் அந்தப் படிப்பில் இடம் வேண்டுமென்றால் முதலில் உடற்கூறு பாடத்தில் தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் கிழவர்கள், மறுபடியும் இடுப்பு. இடைத்தேர்வில் வெர்லீன் தோற்றிருந்தாள்.

அந்த வாரமே போன் வந்தது.

"வணக்கம் மேடம். நான் ரோசலின்ட் டீக், கல்லூரியில மாணவர் வெற்றி அலுவலகம். பரீட்சையில தடுமாறறவங்களுக்கு ஏதாவது உதவி செய்யலாம்னு..."

வெர்லீன் போனை வைத்துவிட்டாள். எதிரே உட்கார்ந்து பீன்ஸ் சாற்றில் சோள ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த அக்கா ட்வைலா நிமிர்ந்தாள்.

"யாருடி?"

"வெற்றி அலுவலகமாம்."

"வெற்றிக்கெல்லாம் ஒரு ஆபீஸா! எனக்கு லாட்டரி விழுந்துச்சுன்னு சொன்னானே ஒருத்தன், அவனும் இதே குழைவோடதான் பேசினான். பேங்க் நம்பர் கேட்டாளா?"

"கேக்கறதுக்குள்ள வச்சுட்டேன்."

"அப்படித்தான் இருக்கணும், என் தங்கச்சின்னா!"

அதன்பிறகு அந்த நம்பர் எத்தனை முறை அடித்தாலும் அக்காவும் தங்கையும் அது அடங்கும்வரை பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடற்கூறு ஆசிரியர் ஆல்டன் ரீஸின் அறைக்கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'ஆபீஸ் நேரம் – செவ்வாய், வியாழன், இரண்டு முதல் நான்கு வரை.' ஒருமுறை படித்ததும் வெர்லீனுக்கு விளங்கிவிட்டது. சார் ஆபீஸ் வேலை பார்க்கிற நேரம். யாரும் கிட்டே போகக்கூடாது. சுரங்கத்தில் அவள் அப்பாவை ஆபீசுக்குள் கூப்பிட்டது ஒரே ஒரு முறைதான். அன்றோடு வேலை போயிற்று. ஆகையால் அந்த இரண்டு மணி நேரமும் வராந்தா பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்து, சத்தம் போடுகிறவர்களை முறைப்பாள்.

"உஷ்! சார் வேலையா இருக்காரு. தெரியல?"

ஒரு வியாழக்கிழமை இரண்டு பெண்கள் அவள் முறைப்பை மதிக்காமல் கதவைத் தட்டி உள்ளே போனார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம். வெளியே வந்தபோது ஒருத்தி, "அப்பாடி! இனிமே பரீட்சையப் பத்திக் கவலையே இல்ல" என்றாள்.

வெர்லீனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கேள்வித்தாள் உள்ளே கைமாறுகிறது! தான் மாடாய் உழைத்துத் தோற்றது இதனால்தானா? நேரே வெற்றி அலுவலகத்துக்கே நடந்தாள். ஒரு திருடனைப் பிடிக்க இன்னொரு திருடனிடம் போவதுபோல்தான் இருந்தது.

"உட்காருங்கம்மா" என்றாள் ரோசலின்ட்.

"உட்கார வரல. அந்த ரீஸ் சாரு கேள்விய முன்கூட்டியே குடுக்கறாரு. என் கண்ணால பாத்தேன். அதுவும் ஆபீஸ் நேரத்துல!"

ரோசலின்ட் பேனாவைக் கீழே வைத்தாள். "ஆபீஸ் நேரம்னா என்னன்னு நினைச்சீங்க?"

"அவரு ஆபீஸ் வேலை பாக்கற நேரம். வேறென்ன?"

நல்லவேளை, ரோசலின்ட் சிரிக்கவில்லை. "இல்லம்மா. அது உங்களுக்குன்னு வச்ச நேரம். புரியாதத யார் வேணும்னாலும் போய்க் கேக்கலாம்."

"அப்படின்னா 'வந்து கேளுங்க'ன்னு எழுதித் தொலைக்கறதுதானே?"

ரோசலின்ட் மறுபடி பேனாவை எடுத்து அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

"சரி, இதுல அவருக்கு என்ன ஆதாயம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அங்கதான் இடிக்குது" என்றாள் வெர்லீன்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை ரீஸின் அறைக்குப் போனாள். கைப்பையை மார்போடு அணைத்து, ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அட, நீங்களா!" ரீஸ் எழுந்தேவிட்டார். "வெளியே காவல் காக்கறது நீங்கதானே? உங்களுக்குப் பயந்தே பாதிப் பேரு என்கிட்ட வர்றதில்ல. உள்ள வாங்க."

"கதவு திறந்தே இருக்கட்டும்."

அவர் அவளுடைய தேர்வுத்தாளைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்திலேயே நின்றார். "இதயப் படத்துல எல்லாத்தையும் பக்கம் மாத்திக் குறிச்சிருக்கீங்க. படத்துல இடதுன்னா உங்க இடது இல்ல, படத்துல இருக்கற ஆளோட இடது. முதல் வகுப்புலயே சொன்னேனே?"

"சொன்னீங்க. நான்தான் நம்பல."

ரீஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெர்லீன் சிரிக்கவில்லை, நாற்காலியை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, மொதல்லேருந்து சொல்லுங்க. இந்தத் தடவ நம்பிப் பாக்கறேன்."

பருவம் முடியும்வரை ஒரு செவ்வாயும் தவறவில்லை. அந்த மனுஷன் என்றாவது ஒருநாள் பிரதிபலன் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை. அது அவளுக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துப் பொதுச்சாப்பாட்டில் ட்வைலாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வறுத்த கோழித் தட்டை உயரத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள்.

"கேட்டீங்களா! என் தங்கச்சி வகுப்புக்கே முதல்! ஆஸ்பத்திரியில இப்பவே அவளுக்குன்னு நாற்காலி போட்டு வச்சுட்டாங்க!"

"அக்கா, தட்டக் கீழ வை" என்றாள் பின்னால் நின்ற வெர்லீன். "முதலும் இல்ல, நாற்காலியும் இல்ல. நான் வாங்கினது 'சி'. தேர்றதுக்கு அதுதான் அடிமட்டம். ஆகஸ்ட்ல மூச்சு சிகிச்சை வகுப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு."