தாழ்ந்து கொடுத்த வண்டி

வலியசாலைத் தெருவில் வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தியதும், மெல்லிய புஸ்ஸென்ற ஓசையுடன் அது தாழ்ந்தது. வாசலில் தடியூன்றி நின்ற அத்திம்பேர், என் அக்காவின் கணவர், கண்ணெடுக்காமல் பார்த்தார். வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் வலக்கால் தளர்ந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை, அந்த மலையை மறுபடி பார்ப்பது. தாழ்வான கார் அந்தக் கல்பாதையில் போகாது. போகக்கூடிய ஜீப்பில் அவரால் ஏற முடியாது. தூக்கி ஏற்றவும் விடமாட்டார். "நான் என்ன அரிசி மூட்டையா?" என்பார்.

பழையதாக நான் வாங்கிய அந்த நான்கு சக்கர இயக்க வண்டியில் அன்று அவர் தானாகவே ஏறி உட்கார்ந்தார். பின்னால் அக்கா. போகும்போது விவரம் கேட்டார். இரும்புச் சுருள்களுக்குப் பதில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் காற்றடைத்த ரப்பர்ப் பை இருக்கிறது, சென்சார்கள் வண்டியின் உயரத்தை அளந்து சொல்லும், அதைப் பார்த்து உள்ளேயிருக்கும் கணினி கம்ப்ரஸரை ஓட்டிக் காற்றை ஏற்றும், அல்லது வால்வைத் திறந்து வெளியே விடும், கதவு திறந்திருந்தால் மட்டும் தாழாது என்றேன்.

"அப்போ இதுவும் மூச்சு விடறது, கேட்டோ," என்றார்.

வித்துரா தாண்டிப் பாதை கரடுமுரடானதும் வண்டியை உயர்த்தினேன். பாறைகள் அடியில் உரசாமல் நழுவின. மேலே தேயிலைச் சரிவு தெரிந்த இடத்தில் நிறுத்தித் தாழ்த்தத் தொடங்கினேன். அவருக்குப் பொறுக்கவில்லை; கதவைத் திறந்துவிட்டார். வண்டி பாதியிலேயே நின்று பீப் பீப் என்றது.

"கதவை அடைங்கோ. அடைச்சாத்தான் தாழும்னு அவன் சொன்னானே!" என்றாள் அக்கா.

அவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுவும் உங்க அக்கா மாதிரிதாண்டா. சொன்னதைக் கேட்டாத்தான் இறங்கி வரும்." நோய்க்குப் பின் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

வண்டி முழுதும் தாழ்ந்தது. தரையில் கால் வைத்து மெல்ல எழுந்து நின்றார். ஓடப்போன என்னை அக்கா கண்ணாலேயே தடுத்தாள். மலையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ தடியை வண்டியில் சாய்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்து, அக்காவிடம் இடக்கையை நீட்டினார். "மெதுவா இறங்கு. வழுக்கும்."

அத்திம்பேர் இப்போது இல்லை. வண்டியையும் விற்றுவிட்டேன். போன வாரம் பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள்: "இறங்கறதுக்கு நேக்குப் பிடி ஒண்ணும் வேண்டியிருக்கலைடா. ஆனாலும் இறுக்கிப் பிடிச்சுண்டேன்."