மகசூல் எடுத்தபின்

எட்டு ஏக்கர் புறம்போக்கை ஊர் குத்தகைக்கு விட்டபோது அதற்கான தாளை எழுதியவள் நான். அதில் ஒரே ஒரு சொல்லை மாற்றி எழுதினேன். பிழையாக எழுதவில்லை. அழகாக எழுத ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அந்த ஆசையில் மண்ணை வாரிப் போட.

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். மானாவாரி மண். மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் சின்ன வெங்காயம், எல்லாமே வானத்தைப் பார்த்துக்கொண்டு செய்கிற வெள்ளாமை. ஏரிக்கு மேற்கே இருக்கும் அந்த எட்டு ஏக்கருக்குப் பட்டா யாரிடமும் இல்லை, ஊருக்குப் பொது. பல வருஷம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை அழித்த பிறகு, சும்மா போடுவானேன் என்று வருஷா வருஷம் ஏலம் விட ஆரம்பித்தார்கள். மழைக்கு விதைத்து அறுத்துக்கொள்ள ஒருவருக்கு. அறுத்த பிறகு, அடுத்த மழை வரை ஆடு மாடு மேய்த்துக்கொள்ள இன்னொருவருக்கு. ஒரே நிலத்துக்கு இரண்டு குத்தகைக்காரர்கள். மற்ற வருஷங்களில் இதில் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை.

அந்த வருஷம் வெள்ளாமைக் குத்தகை என் அண்ணனுக்கு விழுந்தது. மேய்ச்சல் குத்தகை என் வீட்டுக்காரருக்கு. எனக்கு உள்ளூரிலேயே கல்யாணம். பிறந்த வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். இரண்டு குத்தகையும் ஒரே குடும்பத்துக்குள் வந்ததில் ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். சண்டையே வராது, மாமன் மச்சான் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள்.

அண்ணன் அதட்டல் ஆள். பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. நாற்பது வெள்ளாடு வைத்திருந்தார், அதுகளிடம் மட்டும்தான் பேசுவார். அண்ணனுக்கு அவரைச் சீண்டுவதில் ஒரு குஷி. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போதுதான் ஆரம்பிப்பான்.

“மாப்ள, ஒங்க ஆடு கூட கத்துது. நீங்க ஏன் கத்த மாட்டேங்குறீங்க? வூட்டுல மீச எந்தங்கச்சிக்குத்தானா?”

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். பத்தாவது பாஸ் செய்தவள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர், அதாவது வேலைக்கு வந்தவர்கள் பெயரை எழுதி, வேலை வாங்குகிறவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால்தான் ஏலத்தன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஊராட்சித் தலைவர் நிபந்தனைகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு போனேன். மேய்ச்சலுக்கு வந்ததும் அவர் சொன்னது இது:

“கதிர் ஒடிச்ச மறுநாளு ஆடு எறங்கலாம். எழுதிக்கம்மா.”

கதிர் ஒடித்த மறுநாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. களத்துமேட்டுப் பேச்சை அப்படியே தாளில் வைப்பதா? ஆபீஸில் வரும் கடிதங்களில் எல்லாம் எவ்வளவு கம்பீரமாக எழுதுகிறார்கள். நான் எழுதினேன்: “மகசூல் எடுத்தபின் நிலம் மேய்ச்சலுக்கு விடப்படும்.” வாசித்துக் காட்டினேன். “கலெக்டர் ஆபீஸ்ல எழுதுன மாரி இருக்கு” என்றார் தலைவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டான், வீட்டுக்காரரும் போட்டார்.

மழை நன்றாகப் பெய்தது. மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. தையில் ஆள் விட்டுக் கதிர் ஒடித்தார்கள். கதிர் போன பிறகு தட்டை மட்டும் காய்ந்து நிற்கும் அல்லவா, அதைத்தான் எப்போதும் ஆடுகள் கடித்துத் தீர்க்கும். அந்த வருஷம் பார்த்து மற்ற பக்கங்களில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு. செட்டிகுளம் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் தட்டையைத் தனக்கு விலைக்குக் கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் வந்தார். அண்ணன் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

கதிர் ஒடித்து இருபது நாளாகியும் பண்ணைக்காரருடைய டிராக்டர் வரவில்லை. எங்கள் ஆடுகள் வரப்பில் நின்று அந்தத் தட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றன. சுற்றிலும் பருத்திக்காடு, வாய் வைக்க இடமில்லை. வீட்டுக்காரர் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோர வேலமரங்களில் தழை அறுத்துப் போட்டார். தொரட்டி என்பது நீளமான மூங்கில் கழி, நுனியில் கொக்கி மாதிரி வளைந்த சின்ன அரிவாள் கட்டியிருக்கும். நாற்பது ஆட்டுக்கு அந்தத் தழை எந்த மூலைக்கு? ஆடுகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம்போல் ஆனது.

நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“கதிரு ஒடிச்சாச்சுல்லண்ணே. ஆட்ட எறக்கிக்கிறோம்.”

“தட்டையும் மகசூல்தான் புள்ள. வெளஞ்சதெல்லாம் மகசூல். நீதான எழுதுன?”

“தலைவரு சொன்னது கதிரு. ஒனக்குத் தெரியும்.”

“எனக்குத் தாளுதான் தெரியும். அதுல என்னா எழுதியிருக்கு? படிச்சவ நீ சொல்லு.”

“அந்தத் தட்டைய நீயே தின்னு” என்று சொல்லி, அண்ணி கொண்டுவந்து வைத்த காப்பியை முற்றத்தில் ஊற்றிவிட்டு எழுந்தேன்.

“எறக்கிப் பாருங்க. கால ஒடிச்சுடுவேன்” என்றான் முதுகுக்குப் பின்னால்.

வீட்டுக்கு வந்து, நாளைக்கு ஆட்டை இறக்குங்கள் என்றேன். “வேணாம் புள்ள. ரெண்டு நாளு பாப்பம்” என்றார் அவர். அப்போது நான் சொன்ன சொல்லை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். “எங்கண்ணன் சொல்றது சரிதான். இந்த வூட்டுல மீச எனக்குத்தான்” என்றேன். விடிந்ததும் அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று எனக்கு ஏரிக்கரையில் வேலை. வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுகிற நேரம். மேற்கே ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. ஆடு பசிக்குக் கத்துவதும் தெரியும், குட்டியைத் தேடிக் கத்துவதும் தெரியும். இது வேறு. நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தட்டைக்குள் நுழைந்தால் யாரையும் பார்க்க முடியாது. அவ்வளவு உயரம். காய்ந்த தோகை மூஞ்சியில் கிழித்தது. சத்தத்தை வைத்துத்தான் போனேன். நடுவில் கொஞ்சம் வெட்டவெளி. அங்கே அண்ணன் அரிவாளோடு நின்றான். வேட்டியெல்லாம் ரத்தம். ஏழு ஆடு கிடந்தது. ஒன்றுக்குப் பின்னங்கால் இரண்டும் இல்லை, முன்னங்காலை ஊன்றி ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தது. சினையாக இருந்த கருப்பியின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த குட்டி ஈரத்தோடு மண்ணில் துடித்தது. நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது நின்றுபோனது.

வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆட்டை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். தொரட்டி பக்கத்தில் கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் வெட்டுப்பட்ட காலொன்றைத் தூக்கி அவர் மடியில் போட்டான்.

“இந்தாங்க மாப்ள, ஒங்க பங்கு மகசூல்” என்று சிரித்தான்.

நான் தொரட்டியை எடுத்தேன். அவன் முதுகுக்குத்தான் வீசினேன் என்று சொன்னால் அது பொய். சிரித்த மூஞ்சிக்குத்தான் வீசினேன், இரண்டு கையாலும், முழு பலத்தோடு. கொக்கி வலது கண்ணில் மாட்டியது. மாட்டியது தெரிந்தும் இழுத்தேன். அவன் போட்ட சத்தம் ஆடு போட்ட சத்தத்துக்கு மேல் இருந்தது. மண்டி போட்டு விழுந்தான். விழுந்தவனை இரண்டு மிதி மிதித்தேன். எனக்கு அப்போது பயமோ பாவமோ ஒன்றும் இல்லை. இன்னும் அடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையிலிருந்த தொரட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

அதே நேரத்தில்தான் ஏரியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் பார்த்தது இதுதான்: அண்ணன் கண்ணைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான், என் வீட்டுக்காரர் ரத்தம் சொட்டும் தொரட்டியோடு நிற்கிறார். அதற்கு முன் நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

108 வந்து அண்ணனைப் பெரம்பலூருக்கும் அங்கிருந்து திருச்சிக்கும் கொண்டுபோனார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஊருக்கு வந்த போலீஸ், யார் அடித்தது என்று கேட்டது. “நான்தாங்க” என்றார் என் வீட்டுக்காரர். இல்லை, நான்தான் என்று கத்தினேன். ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“புருசன உள்ள வைக்கப் போறோம்னா எல்லாப் பொம்பளையும் இதத்தாம்மா சொல்லுவீங்க. தள்ளு.”

அண்ணன் உண்மையைச் சொல்வான், என்னைப் பிடித்துக்கொண்டு அவரை விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருந்தேன். ஆஸ்பத்திரியில் அவன் கொடுத்த வாக்குமூலத்திலும் என் வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது. பஸ் ஏறித் திருச்சிக்கு ஓடினேன். பாதி முகத்தில் கட்டோடு படுத்திருந்தான். அண்ணி என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள்.

“ஏண்ணே பொய் சொன்ன? அடிச்சது நானு.”

அவன் கட்டைத் தடவிக்கொண்டு சொன்னான்.

“தங்கச்சி கையால கண்ணு போச்சுன்னு ஊருல சொல்லச் சொல்றியா? ஒரு பொம்பள அடிச்சு வுழுந்தான்னு நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? மாப்ள அடிச்சாருன்னா அது சண்ட. அதோட வுடு.”

அதுவரை அவன் கண்ணை நினைத்து அழுதுகொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது.

சிறையில் போய் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவராவது மாற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என்னிடம் குரல் உயர்த்திப் பேசினார்.

“பொண்டாட்டி அடிச்சா, நான் ஒக்காந்து அழுதுகிட்டு இருந்தேன்னு சொல்லணுமா? வாய மூடிகிட்டு வூட்டுக்குப் போ.”

ஜாமீனில் வந்தார். ஊரில் அவரைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மச்சான் கண்ணை எடுத்தவர் என்று பக்கத்து ஊர்வரை பேச்சு. பேசாத மனிதர் நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார். மிச்சமிருந்த ஆடுகளை மேய்க்க அவர் போகவில்லை, நான்தான் போனேன். வக்கீல், மச்சான் கையில் அரிவாள் இருந்தது, உயிருக்குப் பயந்து வீசினேன் என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார். பயந்தேன் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் இவர்.

மூன்று வருஷம் கழித்துப் பெரம்பலூர் கோர்ட்டில் அந்த நாள் வந்தது. நீதிபதி அவரைப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா. நான்தான் அடிச்சேன்.”

நான் பின்பெஞ்சிலிருந்து எழுந்தேன். “பொய்யிங்கய்யா! அடிச்சது நான். இந்தக் கைதான்” என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். கோர்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீதிபதி அண்ணனிடம், இந்த அம்மா சொல்வது உண்மையா என்று கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

“எந்தங்கச்சிங்கய்யா. புருசனுக்காகப் பேசுது. மாப்ளதான் அடிச்சாரு, நான் கண்ணால பாத்தேன்.”

“ஆமாங்கய்யா, அவ எப்பவுமே இப்படித்தான்” என்றார் என் வீட்டுக்காரர் கூண்டிலிருந்து. அந்த மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் போலீஸ் என் தோளை அழுத்தி, “ஒக்காருக்கா, எங்களுக்குப் புரியுது” என்றாள்.

ஓராண்டு தண்டனை போட்டார்கள். வெளியே வேன் நின்றது. இரண்டு போலீசுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அண்ணன் மரத்தடியில் நின்றிருந்தான். அவனைக் கடக்கும்போது நின்றார்.

“வரேன் மச்சான்.”

“போயிட்டு வாங்க மாப்ள” என்றான் அண்ணன். குரலில் கேலி இல்லை. அவ்வளவு மரியாதையோடு அவன் அவரிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் ஆத்திரம்தான் கொதித்தது. கையில் ஏதாவது அகப்பட்டிருந்தால் அந்த இரண்டு பேரையும் கோர்ட் வாசலிலேயே அடித்துப் போட்டிருப்பேன். போட்டிருந்தாலும் நான்தான் அடித்தேன் என்று ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.