அலமு துடைத்த பெரணி

அலமு கீரை ஆய்ந்தால் ஒரு பூச்சி முட்டைகூடத் தப்பாது. அவள் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பேட்டையில் அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டவர்கள் யாரும் பல்லில் மண் கடிபட்டதாகச் சொன்னதில்லை. அந்தச் சுத்தம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதும் அதேதான்.

அது 1974. போர்ட் பிளேரில் செடிகொடிகளை ஆராயும் ஓர் ஆபீஸில் அவளுக்குத் தினக்கூலி வேலை. காட்டிலிருந்து வரும் செடிகளைப் பழைய பேப்பருக்குள் வைத்து அமுக்கி, காய்ந்ததும் அட்டையில் ஊசிநூலால் தைக்க வேண்டும். புருஷன் குழந்தைவேலு ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குபவன். “காஞ்ச எலைக்குத் தையல் போட சர்க்கார் கூலியா! மெயின்லேண்ட்ல சொன்னா வாயால சிரிக்க மாட்டான்” என்று கேலி பேசுவான். ஆனால் வேலை எப்போது நிரந்தரமாகும் என்று மாதாமாதம் கேட்பவனும் அவன்தான்.

ஆபீஸர் இராமகிருஷ்ணன் மதுரைக்காரர். பெரணிச் செடி என்றால் சோறு தண்ணீர் மறப்பவர். வட அந்தமானில் திக்லிபூருக்கு மேலே ஒரு மலையோடையில் ஆறாத புண்ணுக்கு ஏதோ பெரணியை அரைத்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்க் கொண்டுவந்தார். பன்னிரண்டு இலைகளை அலமுவிடம் தைக்கக் கொடுத்தார். மற்றதை மெயின்லேண்ட் லேபுக்குக் கப்பலேற்றினார். அங்கே அதைப் பொடியாக்கி, எலிகளின் புண்ணில் தடவிப் பார்த்தார்கள்.

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. புண் ஆறுகிறது, ஆச்சரியமாக ஆறுகிறது, இது என்ன செடி என்று உடனே பெயர் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியைத் திறந்து அட்டைகளைப் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்தவரின் முகம் வெளுத்துப்போனது.

“அலமும்மா, எலைக்கு அடியில பழுப்பா பொட்டு பொட்டா இருந்துச்சே, எங்க அது?”

“அதுவா சார்? ஒரே பூச்சி முட்டை. பன்னெண்டு எலையையும் நகத்தால சொரண்டி, ஈரத்துணியால தொடைச்சுட்டேன்.” பெருமையாகச் சொன்னாள், பாவி மகள்!

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, அந்தப் பொட்டுதான் அதற்கு விதை மாதிரி, பொட்டு இருக்கும் வரிசையை வைத்துத்தான் பெயரே சொல்ல முடியும் என்றார். பெயர் இல்லாவிட்டால் லேப் மேற்கொண்டு தொடாது. மருந்து அத்தோடு போயிற்று. ஊரார் புண்ணில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அலமு வாய்விட்டு அழுதாள்.

“நாளையிலேர்ந்து வர வேண்டாம். ரிப்போர்ட் எழுதிடறேன்” என்றார் அவர்.

“எழுதாதீங்க சார். பத்து நாள் குடுங்க. அதே செடியை அடியில பொட்டோட கொண்டாந்து உங்க மேஜையில வைக்கலைன்னா எழுதுங்க.”

குழந்தைவேலு தலையில் அடித்துக்கொண்டான். “புத்தி கெட்டவளே, பேசாம அவர் கால்ல விழுந்து தொலையேன்!” அவள் கேட்கவில்லை. திக்லிபூருக்குக் கப்பலேறினாள். வழியெல்லாம் வாந்தி. இறங்கியதும் ஆபீஸருக்கு வழிகாட்டியாகப் போன ஹரிபதா என்ற பெங்காலி விவசாயியின் வீட்டைத் தேடிப் பிடித்தாள். மறுநாள் காலையில் அவர் அவளை ஓடைக்குக் கூட்டிப்போனார். அட்டைப்பூச்சிக் கடியோடு மூன்று மணி நேர ஏற்றம்.

ஓடை இருந்தது. மரங்கள் இருந்தன. கரை நெடுக, பாறை இடுக்கு நெடுக, குழி குழியாகத் தோண்டிக் கிடந்தது. பெரணி ஒன்றுகூட இல்லை.

“ஆத்தாடி! பன்னி வந்து நோண்டிருச்சா?” அவசரத்தில் தமிழில் கேட்டுவிட்டு, திரும்ப இந்தியில் கேட்டாள்.

“சூவர் நஹீ, தீதி. ஆப்கா சாப்” என்றார் ஹரிபதா. பன்றி இல்லையாம், அவளுடைய சார்தானாம். கூலிக்கு நாலு பேரை வைத்து, இரண்டு நாள், வேரோடு கிழங்கோடு மூன்று மூட்டை. குட்டிச் செடியைக்கூட விடவில்லையாம். வேறெங்காவது இருக்குமா என்று கேட்டாள். சார் போன பிறகு இந்த மலை முழுக்கத் தான் தேடிப் பார்த்துவிட்டதாகவும், தன் பெண்டாட்டியின் கால்புண்ணுக்கே ஓர் இலை கிடைக்கவில்லை என்றும் ஹரிபதா சொன்னார்.

அலமு குழியோரத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

எட்டாம் நாள் ஆபீஸுக்குள் நுழைந்தாள். கையில் ஒன்றுமில்லை. இராமகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். ரிப்போர்ட் அவர் முன்னால் எழுதித் தயாராகக் கிடந்தது.

“கிடைக்கலையா?”

“எப்படி சார் கிடைக்கும்? ஓடைக் கரை மொட்டையா கிடக்கு. நான் படிக்காதவ. பொட்டைத் தொடைச்சேன், தப்புதான். நீங்க படிச்சவங்க. குலத்தோட புடுங்கிட்டு வந்துட்டீங்களே! ஒரு குட்டியை விடக் கூடாதா? மனசு எப்படி வந்துச்சு?” பக்கத்து அறை டைப்ரைட்டர் நின்றுவிட்டது.

ஆபீஸர் வாயைத் திறந்தார். “அங்க இல்லேன்னா... வேற ஓடையில...” என்றார்.

“இல்லையாம். தேடிட்டாங்க.”

அவர் ரிப்போர்ட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“லேப்ல ஒரு மூட்டைதாம்மா கேட்டாங்க” என்றார்.