வெற்றிலைக்கொடியின் வேரில் நான் இட்டது

அந்தக் கொடியைக் கொன்றவள் நான்தான். ஷாலினி அல்லள்.

உங்கள் மன்னிப்புக்காக இதை எழுதவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

சிகாமட்டில், எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், மின்கம்பிகள் தலைக்குமேல் இரையும் காலி நிலத்தில் ஆளுக்கொரு பாத்தி போட்டிருக்கிறோம். கத்தரி, வெண்டை, வீட்டில் இடமில்லாத பூந்தொட்டிகள்... ஓரத்துப் பாக்கு மரத்தைத் தழுவி ஏறிய வெற்றிலைக்கொடி மட்டும் எல்லாருக்கும் பொது. வெள்ளிதோறும் அம்மன் கோயிலுக்கு வெற்றிலை அதிலிருந்துதான் போகும். ஆகவே ஒரு விதி. தீட்டு நாட்களில் பெண்கள் அதைத் தொடக்கூடாது, தொட்டால் பட்டுப்போகுமாம்.

நான் எல்லா நாட்களிலும் தொட்டேன். தண்ணீர் ஊற்றினேன், கொழுந்தை வருடினேன். அது ஒருநாளும் முகம் சுளித்ததில்லை!

என் பிழை வேறு. கொடி இன்னும் தழைக்கட்டும் என்ற பேராசை. கோழிப்பண்ணை எருவை மட்கவிடாமல், சூடு ஆறுமுன்பே வேரில் கொட்டினேன். பச்சை எரு வேரை வேகவைத்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பொறுக்க முடியவில்லை... சில நாட்களில் இலைகள் கருகித் தொங்கின.

தோட்டத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான லெட்சுமியக்கா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“யாரு தொட்டது? உண்மைய சொல்லுங்க.”

ஷாலினி கல்யாணமாகி எங்கள் தாமானுக்கு வந்தவள். தொழிற்சாலைச் சீருடைகூட மாற்றாமல் நின்றாள்.

“நான்தான்க்கா. வெயிலா இருந்துச்சு, கொஞ்சம் தண்ணி ஊத்துனேன்.”

“அலமாக்... அந்த நாள்லயா?”

“ஆமாக்கா. பாக்க பாவமா இருந்துச்சு லா.”

“ஒனக்குப் பாவமா இருந்துச்சு. இப்ப அது எப்படி நிக்குது பாரு.”

சிலர் சிரித்தார்கள். நானும்... நானும் சிரித்தேன்.

எரு அள்ளிய வாளி என் பாத்தியில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயரைக் காக்க, நான் துளியும் நம்பாத விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஷாலினி தன் மிளகாய்த் தொட்டிகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

புதுக்கொடி நட்டோம். “இந்த வயசுல ஒனக்கு அதெல்லாம் நின்னுருக்கும், நீயே பாத்துக்க” என்று லெட்சுமியக்கா என்னிடம் ஒப்படைத்தார்.

நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை! அந்த நாட்களிலும் நானேதான் நீர் வார்க்கிறேன். கொடி பாக்கு மரத்தின் பாதிக்குமேல் ஏறிவிட்டது. அம்மன் ஒரு வெற்றிலையையும் திருப்பி அனுப்பவில்லை. என் உடம்புக்காக நான் வெட்கப்படுவேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன். வேறொன்றுக்காக... அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

சென்ற வாரம் சந்தையில் ஷாலினியைப் பார்த்தேன்.

“கொடி நல்லா இருக்காக்கா?”

“ம். ஒன் மொளகா?”

“இருக்குக்கா. அந்த நாள்ல மட்டும் அவரத் தண்ணி ஊத்தச் சொல்லிருவேன். என் கை பட்டு இன்னொன்னு சாகணுமா?”

உண்மை வாய்வரை வந்தது. பையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, “வெயில் ஏறுதும்மா, போய்ட்டு வா” என்றேன்.

இன்று வெள்ளி. எனக்கு இரண்டாம் நாள். அவள்மேல் குற்றமில்லை என்பதற்குச் சாட்சியாக மரம் நிறைய இலைகள்... ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போடுகிறேன்.