என் கணவர் எடுத்த மருந்து

இங்கிலாந்துக்காரர்கள் எதையும் எடுக்கிறார்கள். பஸ்ஸை எடுக்கிறார்கள், நேரத்தை எடுக்கிறார்கள். கிளினிக்கில் முதன்முதல் "டேக் எ சீட்" என்றபோது, எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் கதிரையைப் பார்த்தபடி நின்றேன். 'டேக்' என்றால் எடு என்று கல்முனையில் ஆறாம் வகுப்பில் படித்தது. ஏ.எல். பரீட்சை வரைக்கும் அது போதுமாயிருந்தது.

நாங்கள் வந்த முதல் குளிர்காலம். மூன்று வயது மகளுக்குக் காதுக்குள் கிருமி. டாக்டர் தந்த பாணி மருந்து முக்கால் போத்தல் முடிந்தும் காய்ச்சல் விடவில்லை. நான்தான் கரண்டியில் குறைத்து ஊற்றினேனோ என்ற பயத்தோடு மறுபடி போனேன். நர்ஸ் கேட்டார்: "ஹாஸ் ஷீ டேக்கன் ஹெர் மெடிசின்?"

எங்களூரில் மருந்து எடுப்பதென்றால் ஆசுபத்திரிக்குப் போய் வாங்கி வருவது. குடிப்பது வேறு. வாங்கி வந்தவர் என் கணவர்.

"நோ. மை ஹஸ்பண்ட் டேக்," என்றேன்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "யுவர் ஹஸ்பண்ட்? ஆல் ஆஃப் இட்?"

"யெஸ், ஆல்." முழுப் போத்தலையும்தானே கொண்டுவந்தார்.

அப்படியானால் அதே மருந்தில் இன்னொரு போத்தல் தருகிறோம், இன்றிலிருந்து பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்குங்கள் என்றார். காய்ச்சல் கேட்காத மருந்தையே திரும்பவும் முதலிலிருந்தா? பைக்குள் போத்தலைத் தேடினேன், அகப்படவில்லை. "டேக் யுவர் டைம், லவ்," என்றார் அவர். கடைசியில் அகப்பட்ட போத்தலை எடுத்துக் காட்டி, கரண்டியை மகளின் வாயருகே பிடித்து, "ஷீ டிரிங்க்," என்றேன்.

அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் விளங்கி நான் சிரிக்கும்வரை அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் பேசி வேறு மருந்து வாங்கித் தந்தார். அந்தப் போத்தலில் 'டேக்' என்று எழுதி, பக்கத்தில் திறந்த வாயொன்றைக் கீறியும் விட்டார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அல்ஹம்துலில்லாஹ். அந்த மனுஷிக்காக இன்றும் துஆ கேட்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் உம்மாவுக்கு எழுதினேன்: மகளுக்குச் சுகம், ஒழுங்காக மருந்து எடுக்கிறாள். இரண்டு கிழமைக்குப் பிறகு, கல்முனைக்குடியில் ஒரு கடையிலிருந்து உம்மா கோல் எடுத்தா.

"சுகமெண்டும் எழுதியிருக்காய், மருந்து எடுக்கிற எண்டும் எழுதியிருக்காய். இன்னும் எந்த ஆசுபத்திரிக்குப் புள்ளயத் தூக்கிட்டு அலையிறாய்?"

"இல்ல உம்மா. குடிக்கிறாள்."

"அப்ப குடிக்கிற எண்டு எழுதன், மகள். நான் ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல."

அன்று பின்னேரம் வைட்டமின் பாணியை ஊற்றி, "பிஸ்மி சொல்லிக் குடி, மகள்," என்றேன். பிஸ்மி சொன்னாள், குடித்தாள். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

"டுக் இட், உம்மா."