பாட்டுப் புத்தகம், தாள்கள் இருநூற்றுப் பன்னிரண்டு

எழுபதுகளின் நடுவில், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தூத்துக்குடியை விட்டு ஓடிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அரைநாள் முடிந்ததும் மேஜையைப் பூட்டிவிட்டு நேரே பஸ் நிலையம். ஒரு வாரம் கயத்தாறு, ஒரு வாரம் பெரியதாழை, எங்கே யார் வீட்டுப் பரணைக் காலி செய்கிறார்களோ அங்கே. தேடியது இரண்டு வகைச் சரக்கு. ஒன்று, மிஷன் அச்சுக்கூடங்களில் அச்சான பழைய தமிழ்ப் புத்தகங்கள். மற்றது, யுத்தத்துக்கு முந்தைய சினிமாவின் மிச்சங்கள்: பாட்டுப் புத்தகம், துண்டு நோட்டீஸ், கொட்டகை முகப்பில் குத்திவைக்கும் ஸ்டில் படங்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். இரண்டையும் கரையான் ஒரே மாதிரி விரும்புகிறது என்றேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பெரிய அலமாரியில் தன் சேலைகளுக்கு ஒரு தட்டை மட்டும் மீட்டுக்கொண்டாள்.

கிடைத்தது எதுவும் என்னை உட்கார வைத்ததில்லை. ஒரு நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுவந்து தூசி தட்டி வைத்த மறு நிமிஷமே, கிடைக்காத இன்னொன்று காலைச் சுரண்டும். அப்படிச் சுரண்டியவற்றில் மூத்தது ஒரு பேசும் படத்தின் பாட்டுப் புத்தகம். எங்கள் கடற்கரையில் வந்து எடுத்த படம் என்று சொல்வார்கள். படச்சுருள் எப்போதோ அழிந்துவிட்டது. பார்த்தவர் என்று ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. என்னிடம் இருந்தது பாதி கிழிந்த நோட்டீஸ் ஒன்றுதான். அதில் முத்துக்குளிக்கும் தோணியின் முன்முனையில், அணியத்தில், ஒரு பெண் நிற்பாள். அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது கிழிந்துபோன பாதியில் இருந்தது. ஆறு வருஷமாக அந்தப் பாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பழைய பேப்பர்க் கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"சார், சாத்தான்குளம் பக்கம் ஒரு வீடு. பெரிய ஹெட்மாஸ்டர் செத்துப் போயிட்டாரு. மவ டீச்சரு. வீடு நெறயப் பழைய பாட்டுப் புத்தகமாம்."

"பார்த்தீங்களா அண்ணாச்சி?"

"நான் எங்க பாக்க? நம்ம சாக்குக்காரன் சொல்லுதான். ஒங்களுக்குன்னுதான் வேற யாருட்டயும் மூச்சு விடல."

அங்கேயே நான் நிதானித்திருக்க வேண்டும். பாட்டுப் புத்தகம் என்றால் அண்ணாச்சிக்கு ஒரே பொருள்தான்: கொட்டகை வாசலில் இடைவேளைக்கு விற்பது. எங்களைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பங்களில் அதற்குப் பொருள் வேறு. ஞாயிறு காலையில் அக்குளில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும் ஞானப்பாட்டுப் புத்தகம். நாசரேத்தில் பிறந்து அதைச் சுமந்தே வளர்ந்த எனக்கு, அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஆசை வந்துவிட்டால் தாய்மொழி முதலில் மறக்கும் போலிருக்கிறது.

சனிக்கிழமை போனேன். டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிரம்பு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பாட்டுப் புத்தகம் இருக்குன்னு கேள்விப்பட்டேன், டீச்சர்."

"நெறய இருக்கு. எது வேணும்? அறுப்புக் காலமா, வருகைக் காலமா?"

"முப்பதுகள்ல வந்தது. முன்னால கதைச் சுருக்கம் போட்டிருக்கும்."

"ஞானப்பாட்டுக்கு ஏது தம்பி கதைச் சுருக்கம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது, நான் யாருடைய வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது. சினிமா பார்க்கிறவர்களுக்குத் திருவிருந்து கொடுக்கக் கூடாது என்று தன் சபையில் தீர்மானம் நிறைவேற்றிய ஹெட்மாஸ்டர் அவர். அந்தத் தீர்மானம் எங்கள் ஊர்வரை பிரசித்தம். என் அம்மா அதை எனக்கு இரண்டு கடிதங்களில் எழுதியிருக்கிறாள்.

மரியாதைக்காக உட்கார்ந்தேன். டீச்சர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நல்ல புத்தகங்கள்தான், ஒன்றிரண்டு நூறு வயதைத் தாண்டியவை. ஆனால் என் கால்கள் மேஜைக்கு அடியில் ஏற்கெனவே பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்திருந்தன. கடைசியாக ஒன்றைத் தனியே வைத்தார். கனமானது. தோல் முதுகு, அதில் பொன் எழுத்தில் 'ஞானப்பாட்டுகள்'.

"இது மட்டும் குடுக்கதுக்கு இல்ல. அப்பாவோட சொந்தப் புத்தகம். யாரையும் தொட விடமாட்டாவ. ஞாயித்துக்கெழம மத்தியானம் அறையச் சாத்திக்கிட்டு வாசிப்பாவ. அசனப் பண்டிகையன்னைக்கு இதக் கோயிலுக்குக் குடுக்கணும். ஐயர் கண்ணாடிப் பெட்டி செஞ்சு வச்சிருக்காரு. மொதப் பாட்ட இதுல இருந்துதான் தொறந்து பாடப் போறாராம்."

எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் பாதிரியார், அசனம் என்றால் சபையே கோயிலில் கூடிச் சாப்பிடும் விருந்து. டீச்சர் காப்பி போட உள்ளே போனார். நான் புத்தகத்தைத் திறந்தேன். பதினாறு தாள் வரை தேவனுக்கு ஸ்தோத்திரம். பதினேழாவது தாளில் ஒருத்தி இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டிருந்தாள்.

முப்பது சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். அளவு பார்த்து, ஓரம் நறுக்கி, ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார் ஹெட்மாஸ்டர். புரட்டிக்கொண்டே போனேன். ஆறாவதின் அட்டையில் தோணி. அணியத்தில் அவள். எதிரே, என்னிடம் இல்லாத பாதியில், ஒரு மீசைக்காரன் சங்கை நீட்டிக்கொண்டிருந்தான்.

காப்பி வந்தபோது புத்தகம் மூடியிருந்தது. என் கைதான் அதன் மேலிருந்து எழவில்லை.

"டீச்சர், இதுல பூச்சி இருக்கு. இப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சா உள்ளயே தின்னு தீத்துரும். தூத்துக்குடியில எனக்கு ஒரு பைண்டர் தெரியும். மருந்து போட்டு, தையல் பிரிச்சுத் தச்சு, பண்டிகைக்கு முன்னால கொண்டு வந்துருதேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்படியா? சரி, கொண்டு போங்க. ஒரு சீட்டு மட்டும் எழுதித் தந்துட்டுப் போங்க, தம்பி."

சீட்டு எழுதுவது என்றால் எனக்குக் கை தானாக நடக்கும். பெறப்பட்ட பொருள், நிறம், நிலை, எண்ணிக்கை. எண்ணிக்கை இல்லாத ரசீதை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. சீட்டாடுகிறவன் மாதிரி புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஆட்டக்காரிகளையும் சேர்த்து ஒழுங்காக எண்ணி எழுதினேன்: 'பாட்டுப் புத்தகம் ஒன்று. தோல் முதுகு. தாள்கள் 212.' கையெழுத்தும் போட்டேன்.

பைண்டர் திரேஸ்புரத்தில் இருந்தார். மீன் கம்பெனிகளின் பேரேடுகளைத் தைக்கிறவர். புத்தகத்தைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்ன சார் இது? மேல ஸ்தோத்திரம், கீழ டான்சா?"

"உள்ள இருக்கத எடுத்துட்டு, இத வச்சுத் தைங்க." என்னிடமிருந்த ஒரு பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். அதே அச்சுக்கூடம், அதே அளவு. நான் சேர்த்தவற்றில் நல்ல பிரதி. அதைக் கொடுத்தபோது கொஞ்சம் தியாகி போலக்கூட உணர்ந்தேன்.

"எடுத்தத என்ன செய்ய?"

"எங்கிட்ட குடுங்க."

"அதான பாத்தேன்," என்றார் அவர்.

பண்டிகைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் எந்த நாற்காலியிலும் முழுசாக உட்காரவில்லை. வீட்டில் வைத்தால் மனைவி பார்ப்பாள். அலுவலகத்தில் வைத்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். அதனால் முப்பதையும் ஜோல்னாப் பையில் போட்டுத் தோளிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பழைய துறைமுகப் பக்கம் நடந்து போய், தோணிகளில் மூட்டை ஏற்றுவதைப் பார்க்கிற மாதிரி நின்று, ஆறாவதை மட்டும் எடுத்துப் பார்ப்பேன். அலை அட்டையில் தெறித்துவிடும் என்று பயந்து மூடுவேன். பத்தடி நடந்ததும் மறுபடி எடுப்பேன். ஒரு கோப்பில் தேதி தவறாகப் போட்டேன். எனக்கு அது முதல் தடவை. மேலதிகாரி உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மனசுக்குள் நியாயங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ஒன்று, செத்துப்போன மனிதரின் மானம் காப்பாற்றப்படுகிறது. இரண்டு, ஒன்றும் தெரியாத மகள் சபை நடுவே தலைகுனியாமல் தப்பிக்கிறாள். இரண்டும் உண்மை. மூன்றாவது காரணத்தைக் குறிப்பில் எழுதுவது எங்கள் அலுவலக வழக்கம் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோல் முதுகு மினுங்கியது. டீச்சர் அதைத் திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து என் சீட்டை எடுத்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு தாள்னு எழுதியிருக்கீய. இது எத்தன?"

"பூச்சி அரிச்ச தாள எல்லாம்..."

"பூச்சி நல்லா எண்ணித்தான் தின்னுருக்கு. மீதி நூத்தித் தொண்ணூத்தி ஆறு எங்க?"

மொத்தத்தில் பதினாறைக் கழித்து வைத்திருந்தார். பதினாறு தாள்தான் ஞானப்பாட்டு என்று தெரிந்தவர்தான் அந்தக் கணக்கைப் போட முடியும்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குப் பதிமூணு வயசுலயே தெரியும். அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனதும் நான் அறையச் சாத்திக்கிடுவேன்." குரலில் ஒரு அசைவும் இல்லை. "ஐயர் எல்லாரு முன்னாலயும் தொறந்து பாடுவேன்னு சொன்னதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. உள்ள இருக்கத எடுக்கணும். இந்த ஊர்ல பைண்டர் ஒரே ஆளு. அவரு சபைப் பஞ்சாயத்து மெம்பரு. நான் யாருட்டப் போவேன்? அப்பத்தான் நீங்க வந்து கதைச் சுருக்கம் போட்ட பாட்டுப் புத்தகம் கேட்டிய."

எந்த வேலையை யார் தலையில் கட்ட வேண்டும் என்பதில் என்னைவிடத் தேர்ந்தவர் ஒருவர் மாவட்டத்தில் இருந்திருக்கிறார். நான் ஜோல்னாப் பையைக் கவிழ்த்தேன். முப்பதும் மேஜையில் விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, என் சீட்டில் 'திரும்பப் பெற்றேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

"டீச்சர்," என்றேன். ஆறாவதின் மேல் விரலை வைத்தேன். "இது ஒண்ணு மட்டும். ஆறு வருஷமாத் தேடுதேன்."

"நான் முப்பத்திரண்டு வருஷமா வச்சிருக்கேன்."

"பதிலுக்கு என்ன வேணும்னாலும் தாரேன்."

"நான் ஒரு படம் பாத்தது கெடையாது, தம்பி. இனிமேலும் கொட்டகைக்குப் போவேனான்னு தெரியல. என்ட்ட இருக்கது இவ்வளவுதான். தரமாட்டேன்." சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தவர் மனம் இரங்கியிருக்க வேண்டும். "எழுதிக்கிடுதீயளா?"

பள்ளிக்கூடத்துக் கட்டுரைத் தாளும் மைப்பேனாவும் தந்தார். அட்டையிலிருந்து ஆரம்பித்து எழுதினேன். நடிகர்கள், கதைச் சுருக்கம், பதினான்கு பாட்டு. படத்தை எழுத முடியாதே என்று, தோணி இருந்த இடத்தில் 'தோணி' என்று எழுதிக் கட்டம் போட்டேன். சாயங்காலம் ஆகிவிட்டது. முடித்ததும் பழக்கதோஷத்தில் சொன்னேன்:

"மூலத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும், டீச்சர். நீங்க வாசிங்க, நான் சரி பாக்கேன்."

கதையை வாசித்தார். முதல் பாட்டு வந்தது. தோணியில் அவளும் மீசைக்காரனும் பாடும் காதல் பாட்டு. டீச்சர் அதை வாசிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, சன்னமாக, ஆனால் ஒரு இடத்திலும் தடுக்காமல் பாடினார். இரண்டாவது அடியிலேயே எனக்கு மெட்டு பிடிபட்டுவிட்டது. அடக்க ஆராதனையில், சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் பாடும் மெட்டு. சொல் ஒன்றுகூட இடிக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி நான் அசையாமல் இருந்தேன். அந்தப் பத்து நாளில் நான் அசையாமல் இருந்தது அப்போதுதான்.

"என்ன தம்பி, சரியா இருக்கா?"

"சொல்லெல்லாம் சரியா இருக்கு. மெட்டுதான்..."

"படத்துல என்ன மெட்டு?"

யாருக்கும் தெரியாது. இசைத்தட்டும் வரவில்லை. அதைச் சொன்னேன்.

"தெரியாதுல்லா? அப்ப இதையும் எழுதிக்கிடுங்க."

ஓரத்தில் 'மெட்டு: அடக்க ஆராதனையில் பாடுவது' என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூட முத்திரையை எடுத்து அழுத்தினார். நகலுக்குச் சான்றொப்பம் இடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். மை உலரட்டும் என்று தாளை ஊதிக்கொண்டிருந்தேன்.